வேங்கை நிலையும் நீலத் தண்ணீரும்

மரத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. கட்டையை மெல்லச் சீவி, லென்ஸில் அதன் துளைகளைப் பார்த்து, அது என்ன மரம், எந்த மரத்துக்கு உறவு என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. (பிளேடு இல்லாமல் நான் பால் வாங்கக்கூடப் போனதில்லை.) அந்தப் புத்தியைப் பெண் பார்க்கப் போன இடத்துக்கும் கொண்டுபோனேன்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தோம். பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் எப்படியாவது அமைய வேண்டும் என்று தவித்தேன். அவளுடைய அப்பா ரிட்டையர்டு இன்ஸ்பெக்டர். வாசலிலேயே கதவு நிலையைத் தட்டிக் காட்டி, "அம்புட்டும் தேக்கு, மாப்பிள்ளை. எங்க அண்ணன் பாத்து வாங்கிக் குடுத்தாக" என்றார். பக்கத்தில் நின்ற அந்த அண்ணன் வேறெங்கோ பார்த்தார். எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

எல்லோரும் பஜ்ஜியில் மும்முரமாக இருந்தபோது, போன் பேசுவதாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் டம்ளரும் கையுமாக வாசலுக்கு வந்தேன். மஞ்சள் குங்குமம் வைத்த நிலையின் அடியில் நகக்கண் அளவு சீவி லென்ஸில் பார்த்தேன். தேக்கென்றால் பெரிய துளைகள் வளையமாக வரிசை கட்டி நிற்கும். இங்கே சிதறிக் கிடந்தன. உறுதி செய்துகொள்ளச் சீவலை டம்ளரில் போட்டு வெயிலில் பிடித்தேன். சற்று நேரத்தில் தண்ணீர் நீலமாக மினுங்கியது.

"என்ன தம்பி அது?"

பின்னால் இன்ஸ்பெக்டர். ('மாப்பிள்ளை' அதற்குள் 'தம்பி' ஆகியிருந்தது.)

அடுத்தவர் வீட்டு நிலையைச் சுரண்டினால் அது செய்வினை வைக்கத்தான் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதிலும் தண்ணீர் வேறு நீலமாக இருந்தது. பெண்ணின் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இவிய குடும்பத்தை நல்லா விசாரிச்சீகளா?" என்று கணவரிடம் கேட்டார். என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆராய்ச்சிக்கு, சார்" என்றேன். எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

"பொண்ணு பாக்க வந்த எடத்துலயா?"

கல்யாணம் போச்சு என்று நான் பிளேடை மடக்கியபோது, உள்ளேயிருந்து பெண் வந்தாள். டம்ளரைப் பார்த்தாள். "அப்ப இது என்ன மரம்?" என்று கேட்டாள்.

"வேங்கைங்க. அதைத் தண்ணியில போட்டாத்தான் இப்படி நீலமா மினுங்கும். ஈட்டி மரத்துக்கு நெருங்கின சொந்தம். தேக்குக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல."

இன்ஸ்பெக்டர் என்னை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "இருபது வருசமா எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சுண்ணே" என்றார். அண்ணன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த அண்ணன், அதாவது என் பெரிய மாமனார், இன்றுவரை என்னைத் தன் வீட்டுக்குள் விட்டதில்லை. "உள்ள புழுக்கமா இருக்கு, மாப்பிள்ளை" என்று வாசலிலேயே, நிலைக்குக் கை எட்டாத தூரத்தில் உட்கார வைத்துவிடுவார். சொந்தக்காரர்கள் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள்: "அவிய வீட்டு வாசலுக்குப் பிளாஸ்டிக் சேர் வந்துருச்சா? அப்ப மாப்பிள்ளை வாராரு."