சத்துரு சங்காரச் சக்கரம்

கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் புத்தகத்தை இழுத்தெடுத்த கான்ஸ்டபிள், செத்த எலியைப் பிடிப்பதுபோல் அதை இரண்டு விரலால் தூக்கிவந்து இன்ஸ்பெக்டர் ஏக்கநாயக்கவிடம் நீட்டினான்.

யுத்தகாலம். வெள்ளவத்தையில் அன்று காலை பொலிஸ் சுற்றிவளைப்பு. வீட்டுக்காரர் இரத்தினசிங்கம், இளைப்பாறிய பௌதிக ஆசிரியர். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் மேசையில் அடுக்கிவைத்திருந்தார். புத்தகத்தைத்தான் மறந்துபோனார்.

"மே மொகத?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் விரித்த பக்கத்தில் ஒரு படம். கட்டங்கள், கட்டங்களுக்குள் கட்டங்கள், நடுவே ஒரு நீண்ட வழி. நான்கு மூலையிலும் சிவப்பு மையில் புள்ளடி.

பிழை என்று பெருக்கல் குறிபோல் புள்ளடி போட்டவர் இரத்தினசிங்கம்தான். மாந்திரீக நூல்கள் எல்லாம் புளுகு என்று பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். பேய்களுக்குப் பத்திரிகை வாசிக்கும் பழக்கம் இருந்திருந்தால் அவர்மேல் மானநட்ட வழக்கே போட்டிருக்கும்.

"மந்திரப் புத்தகம் சேர். இது சத்துரு சங்காரச் சக்கரம். எல்லாம் பொய்."

"பொய் எண்டா ஏன் கட்டிலுக்குக் கீழ?" இன்ஸ்பெக்டருடையது மட்டக்களப்பில் வேலைபார்த்துப் பிடித்த தமிழ். "இது இடம் காட்டுற மெப். புள்ளடி போட்ட இடத்தில என்ன வைக்கப் போற? ஜீப்பில ஏறு!"

ஜீப்பில் ஏறியவர்கள் எங்கே இறங்கினார்கள் என்று அந்த நாட்களில் ஒருவரும் சத்தமாகக் கதைப்பதில்லை.

"ஐயோ சேர்!" என்று அடுக்களைக்குள்ளிருந்து ஓடிவந்தாள் மனைவி சரோஜினிதேவி. "இவர் பெரிய மந்திரவாதி. வெட்கத்தில மறைக்கிறார். இஞ்சாருங்கோ, மெய்யைச் சொல்லுங்கோவன்!"

இரத்தினசிங்கம் தம்முடைய பகுத்தறிவைப் பார்த்தார். வாசலில் நின்ற ஜீப்பையும் பார்த்தார். ஜீப் பெரிதாக இருந்தது.

"ஓம் சேர். மெய்யான சக்கரம்."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இப்போது மரியாதையும் வந்திருந்தது.

"எனக்குச் சண்டை நடக்கிற பக்கம், வவுனியாவுக்கு ட்ரான்ஸ்பர் வந்திருக்கு மாத்தயா. நிப்பாட்டுவீங்களா?"

இரத்தினசிங்கம் செப்புத் தகட்டில் சக்கரத்தைக் கீறிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"எங்கேயோ கண்ட மாதிரி இருக்கு."

"போன பிறப்பில கண்டிருப்பீங்கள்."

அடுத்த கிழமை மாற்றம் ரத்தானது.

"அப்ப மெய்தானேயப்பா?" என்றாள் சரோஜினிதேவி.

"தற்செயல்."

"அந்தத் தற்செயலையும் நீங்கள்தானே கீறினீங்கள்!"

இன்ஸ்பெக்டர் ஒரு சார்ஜன்டைக் கூட்டிவந்தார். கல்யாணமாகிப் பல வருடம், பிள்ளை இல்லை. இதோடு இந்தக் கரைச்சல் ஒழியட்டும் என்று இரத்தினசிங்கம் வேண்டுமென்றே இரண்டு கோட்டை விட்டுவிட்டுக் கீறிக் கொடுத்தார். சார்ஜன்டின் மனைவிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. விட்டது இரண்டு கோடு என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் ஒரு குலை தம்பிலி இளநீரோடு வந்து நின்றார்.

"ஸ்டேசன் முன் மதில்ல பெரிசாக் கீறோணும் மாத்தயா. குண்டு, கிண்டு ஒண்டும் வராம."

"மதிலிலயோ? அது வேண்டாம் சேர். சக்கரத்தை மறைவாத்தான் வைக்கோணும்."

"மறைவா வைச்சா சத்துருவுக்கு எப்பிடித் தெரியும்?"

இரத்தினசிங்கம் பௌதிகத்தை வீட்டில் வைத்தார். பெயின்ட் வாளியோடு போனார். அடி அடியாய் அளந்து, பத்தடி அகலத்தில் கீறி முடித்தார். இன்ஸ்பெக்டர் திருப்திப்படவில்லை.

"அந்தச் சிவப்புப் புள்ளடி எங்க? சக்தி அதிலதானே!"

நான்கு புள்ளடியும் போட்டார். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப்பார்த்துக் கும்பிட்டார்கள். மதிலுக்கு மாலை விழுந்தது. அந்தப் பக்கம் மாதக்கணக்காக ஒரு சீன வெடிகூட வெடிக்கவில்லை.

இப்போது கலங்கிப்போனவர் இரத்தினசிங்கம்தான். மாற்றம் தற்செயல். இரட்டைப் பிள்ளை தற்செயல். இதுவுமா? பொய் சக்கரமா, தானா? கட்டுரையைக் கிழித்து அடுப்பில் போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினார். அச்சடித்தவரைக் கண்டு, எந்தச் சித்தருடைய ஏட்டிலிருந்து இந்தப் படம் வந்தது என்று கேட்டுவிடவேண்டும்.

அச்சகக்காரர் காளியப்பன் கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"இதுவா? சித்தரும் இல்ல, ஏடும் இல்லீங்க ஐயா. எழுதினவரு படமே தரல்ல. பக்கம் வெறுமையா நின்னுச்சு. ராக்கையில கிடந்த பழைய படப் பிளாக் ஒண்ணத் தலைகீழா மாட்டி அடிச்சிட்டேன்."

"பழைய பிளாக்கோ? என்ன பிளாக்?"

"வெள்ளவத்தைப் பொலிஸ் ஸ்டேசன் தொறப்புவிழா மலருக்குச் செஞ்சதுங்க, துப்பாக்கி வைக்கிற ரூம்லேருந்து ஆளைப் பூட்டுற கூட்டுக்குப் போற வழி வரைக்கும், உள்ளுக்கு இருக்கிற முழுப் பிளான்."