சர்வேயர் போட்ட கதவு

மகளின் அறையை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று சர்வேயர் முடிவெடுத்துவிட்டார். முப்பத்தொரு வருடம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்ட மனிதருக்கு, ஓய்வு பெற்றபின் சொந்த வீட்டில் காலை நீட்டிப் பேப்பர் படிக்க ஒரு மூலை இல்லையென்றால் என்ன நியாயம்?

மகள் கல்யாணமாகிப் போனதும் அறை காலியானது. அதன் பழைய கதவைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. போன மாதம் மனைவி மெல்ல ஆரம்பித்தாள்.

“ஏங்க, அத்தான் போனதுக்கப்புறம் அக்காவுக்குன்னு யாருமில்ல. அந்த ரூம்ல வந்து இருக்கட்டுமே.”

“இது வீடா, சத்திரமா?”

கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டார். அவள் கையில் போன் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அவள் சண்டை போடாமல் சமையலறைக்குப் போய்விட்டாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஒரு கதவைப் போட்டு, மேஜையை உள்ளே தள்ளிவிட்டால் பேச்சு முடிந்தது என்று கணக்குப் போட்டார். சொன்னால் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தார். வரவில்லை. “வாங்குறதுதான் வாங்குறீங்க, நல்லதா வாங்கலாம்” என்று கடைக்கே கூட வந்து, வெளிர் பச்சையில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று சர்வேயருக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி.

நிலையோடு சேர்த்துக் கீலும் போட்டே வருகிற கதவு அது. அப்படியே தூக்கிச் சுவரின் இடைவெளியில் நிறுத்தி முடுக்க வேண்டியதுதான். வழியில் திறந்துகொள்ளாமலிருக்கக் கதவையும் நிலையையும் சேர்த்து வெளிப்பக்கம் ஓர் இரும்புப் பட்டையைத் திருகி அனுப்பியிருந்தார்கள்.

“தச்சரைக் கூப்பிடலாமே?”

“ஊரையே அளந்தவனுக்கு இது ஒரு கதவா? நீ வெளியில நின்னு தாங்கிப் பிடி, போதும்.”

வேலையைக் குறை சொல்ல முடியாது. கீல் பக்கத்தை முதலில் நிறுத்தினார். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து உட்காரும்வரை மூச்சு விடவில்லை. சுவருக்கும் நிலைக்கும் நடுவே மெல்லிய மர ஆப்புகளைச் செருகி, அவை நழுவாதபடி நீள ஸ்க்ரூக்களை ஏற்றினார். கதவைச் சுற்றி இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. ஒரு நாணயம் நுழையும், இரண்டு நுழையாது. சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டார். மூன்று மணிக்குக் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, வெளியே போய் அழகு பார்க்கலாம் என்று எழுந்தபோதுதான் தெரிந்தது.

பட்டை வெளியே இருந்தது. சர்வேயர் உள்ளே இருந்தார்.

ஜன்னலில் கம்பி. போன் கூடத்தில். கைப்பிடி மாட்டுவதற்காகக் கதவில் விட்டிருந்த வட்டத் துளை ஒன்றுதான் வெளியுலகத்துக்கு வழி. முட்டி போட்டு அதில் வாயை வைத்தார்.

“ஏய், இங்க வா!”

“இங்கதான் இருக்கேன். என்ன, குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது?”

“அந்தப் பட்டையைக் கழட்டு.”

“எதால கழட்ட? சாமானெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?”

ஸ்க்ரூ டிரைவரைத் துளை வழியே நீட்டினார். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

“எந்தப் பக்கம் திருப்பணும்?”

“இடது பக்கம்.”

“எனக்கு இடதா, உங்களுக்கு இடதா?”

“இடதுன்னா இடதுதான்டி!”

“கத்தாதீங்க. நீங்க எனக்கு எதிர்ல இருக்கீங்கல்ல, அதான் கேட்டேன். ஐயோ, அடுப்புல பால் பொங்குது, இருங்க.”

“இங்க நான் பொங்கிட்டிருக்கேன், அது தெரியலையா?”

கால் மணி போயிற்று. அரை மணி போயிற்று. கூப்பிட்டபோதெல்லாம் சமையலறை “இதோ” என்றது.

வாசல் மணி அடித்தது. துளையில் கண்ணை வைத்தார். ஒரு துணிப்பை தெரிந்தது. செருப்பைக் கழற்றிய இரண்டு கால்கள் தெரிந்தன. குரல் கேட்டதும் யாரென்று புரிந்துவிட்டது.

“வாக்கா, உள்ள வா.”

“அவரு எங்கடி?”

“உனக்குத்தான் கதவு போட்டுட்டிருக்காரு. காலையிலேர்ந்து சாப்பிடக்கூட வெளிய வரல.”

மறுத்துக் கத்தத் துளைக்கு வாயைக் கொண்டுபோன சர்வேயர், காதை வைத்துக்கொண்டார்.

“நெசமாவா?” அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். “அன்னிக்கு சத்திரமான்னு அவரு கேட்டது போன்ல என் காதுல விழுந்துச்சுடி. அப்புறம்தான் முதியோர் இல்லத்துக்கு எழுதிப் போட்டேன். நேத்து நீ கதவு விஷயம் சொன்னதும், அந்த இல்லத்துக்கு வரலைன்னு சொல்லிட்டேன். அந்த நல்ல மனுஷனைப் போயித் தப்பா நெனச்சேனே, சாமி என்னை மன்னிக்கணும்.”

முட்டி வலித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. எத்தனை வரப்புத் தகராறில், எத்தனை அண்ணன் தம்பிகளிடம், “அரையடி விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவ?” என்று புத்தி சொல்லியிருப்பார்! தன் வீட்டில் ஒரு கட்டில் போடும் இடத்துக்கு இந்தப் பாடு படுத்திவிட்டார். மன்னிப்பும் கேட்க முடியாது. கேட்டால் அந்த அம்மாள் இப்போது நம்பிக்கொண்டிருப்பதும் போய்விடும்.

பட்டை கழன்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கதவு சத்தமில்லாமல் திறந்தது.

“தம்பி...” என்று அக்கா எழுந்து நின்றாள்.

“உக்காருங்கக்கா.” அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. துணிப்பையை எடுத்துப்போய் அறைக்குள் வைத்தார். “கைப்பிடி மட்டும் பாக்கி. உள்பக்கம் தாழ்ப்பாளும் போட்டுத் தர்றேன். இது உங்க ரூமு.”

பிறகு சமையலறைக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

“உள்ள நின்னு முடுக்கினா மாட்டிக்குவோம்னு எனக்குத் தோணவே இல்ல பாரு.”

“எனக்குக் காலையிலேயே தோணிச்சுங்க. சொல்லத்தான் வந்தேன், அக்கா வர நாலு மணி ஆகுமேன்னு விட்டுட்டேன்.”