ராணியின் சாவுக்கு இரண்டு சாட்சி

பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை, ஆதாரக்காரர் அளவுக்கு ஆளைக் கொன்றவர் எவரும் கிடையாது. நாற்பத்தொரு பேர். அத்தனைக்கும் சாட்சி உண்டு. அதில் பாதிக் கையெழுத்து நான் போட்டது.

எங்கள் பக்கத்தில் நிலப் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பேர். அதை எழுதுகிறவர் ஆதாரக்காரர். பத்திரம் பதிகிற ரிஜிஸ்தர் கச்சேரிக்கு எதிரே அவர் மேசை. பக்கத்தில் என் வாடகை சைக்கிள் கடை. ஆள் வராத நேரமெல்லாம் அவர் நாவல் எழுதுவார். பேய்கள் காவல் காக்கும் கறுப்புச் சிம்மாசனம். அதில் உட்காரும் ராஜா, தனக்குப் பிரியமானவர்களை ஒவ்வொருவராகப் பலி கொடுத்தால்தான் நாடு நிலைக்கும். தமிழில் அப்படியொரு கதையை அன்றைக்கு யார் எழுதினார்? எங்கள் ஊர்க்காரர் எழுதினார்.

ஆனால் தொழில் புத்தி போகுமா? பேய்க்காட்டுக்கும் நாலெல்லை குறிப்பார். தளபதி செத்தால் அடியில் இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். என்னையும் அடுத்த டீக்கடைத் தங்கையனையும் பிடித்துக்கொள்வார்.

"சும்மா போடப்படாது மக்கா. வாசிச்சிட்டுப் போடு. ஒரு உசிராக்கும்."

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று தங்கையன் ஒரு ஊர்வலத்தையும் விடமாட்டார். தோளில் லத்தி பட்ட தழும்பைக் காட்டிவிட்டுத்தான் டீ ஆற்றுவார். ஒருநாள் போலீஸ் வந்து, போராட்டக் காகிதம் என்று நாவலை அள்ளிக்கொண்டு, எங்களையும் கூட்டிப்போனது. ஏட்டு புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கொலை, அடியில் என் கையெழுத்து.

"இதொக்கெ ஆரு கொன்னது?" இத்தனை பேரையும் கொன்றது யார் என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஞான் தன்னே ஏமானே," என்றார் ஆதாரக்காரர், நெஞ்சை நிமிர்த்தி.

கதையில் வரும் நாட்டின் வடக்கெல்லை மட்டும் எழுதாமல் விட்டிருந்தது ஏட்டுக்குச் சந்தேகம். ஏன் என்று கேட்டார்.

"அது எல்லைக் கமிஷன் சொல்லட்டும் ஏமானே. இடம் விட்டிருக்கேன்."

ஏட்டு சிரித்துவிட்டார். எங்களை அனுப்பினார், நாவலை மட்டும் மூன்று நாள் வைத்திருந்து, தமிழ் தெரிந்த போலீஸ்காரரை வாசிக்கச் சொல்லி முழுக்கக் கேட்ட பிறகே கொடுத்தார். அந்தப் பெருமையில் ஆதாரக்காரர் ஒரு மாதம் தலைநிமிர்ந்து நடந்தார். நாங்களும்தான்.

கடைசி அத்தியாயத்தை ஒரு மத்தியானம் நீட்டினார். ராணியைப் பலி கொடுத்தால் ராஜாவுக்கு நாடு முழுசாகக் கிடைக்கும். வாசித்தேன். ராணிக்கு இடது கையில் புட்டுக்குடம் சுட்ட தழும்பு. சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். அது அவர் மனைவி சொர்ணம் அக்கா. முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் போனவர்.

"பேனால மை இல்ல அண்ணாச்சி," என்றேன்.

தன் பேனாவைத் தந்தார்.

"கை வலிக்கி."

"எலே, கதை முடியணும்லா? அவ செத்தாத்தான் நாடு கிடைக்கும்."

தங்கையன் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"அப்பிடிக் கிடைக்கிய நாடு நமக்கு வேண்டாம் அண்ணாச்சி. நான் போடமாட்டேன்."

நாட்டுக்காக லத்தியடி வாங்கிய தங்கையன் சொன்னார் இதை. ஆதாரக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மனைவி செத்த அன்றுகூட அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. பிறகு தெரு முழுக்கத் தாளோடு சுற்றினார். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

எல்லை போட்டார்கள், நாங்கள் கேரளத்தில் நின்றோம். தங்கையன் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. அந்தத் தாள் இன்று என்னிடம் இருக்கிறது, சாட்சி இடம் காலியாக. சாட்சி இல்லாத ஆதாரம் செல்லாது என்று அவரே சொல்வார். அதனால் சொர்ணம் அக்கா சாகவில்லை.

ஆதாரக்காரர் செத்துப்போய்ப் பல வருஷம் ஆயிற்று என்கிறார்கள். அதற்கும் யாரும் என்னிடம் கையெழுத்து வாங்கவில்லை.