நோட்டமும் பத்தாவது நட்டும்

கண்ணை மட்டுமே வைத்துக்கொண்டு ராயபுரத்தையே பேஜாராக்கிய ஒரே ஆள் நோட்டம்தான். கை நீட்டியதில்லை, வாய் நீண்டதில்லை. சும்மா பார்ப்பான். அவன் பார்த்த பார்வையில் மீன்காரம்மா தன் தராசைத் தானே சரிபண்ணிக்கொண்டது. கறிக்கடை பாய் இரண்டு நாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் வெட்டினார். திருடுவதற்கு நோட்டம் விடுகிறான் என்றது பாதித் தெரு. மஃப்டி போலீஸ் என்றது மீதி. எப்படியோ பெயர் நோட்டம் என்று நின்றுவிட்டது.

நிஜத்தில் அவன் எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்துப் பையன். பல்கலைக்கழகத்தில் நடிப்புக்கு எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தான், மேடைக்கும் சினிமாவுக்கும் சேர்த்து. எண்ணூரிலிருந்து தினம் போய்வர முடியவில்லை என்று என் பஞ்சர் கடைக்கு மேல் ரூமுக்குக் குடிவந்தான். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நடிப்புக்குப் போய் மேல்படிப்பு என்றால் எனக்கு எங்கே விளங்கும்?

"இன்னாடா சொல்லிக் குடுக்கறாங்க அங்க?"

"மூச்சு வுட கத்துத் தராங்க மாமு."

"அத்த ரெண்டு வருசமாவா?"

"மொத வருசம் உள்ள இஸ்தோம். இந்த வருசந்தான் வெளிய வுடறோம்."

ஒரு வாரம் ஏதாவது மிருகமாக இருந்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார்கள். இவன் பூனையானான். மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நாலு காலில் நடந்தான். விழுந்தால் எனக்குத்தானே போலீஸ் ஸ்டேஷன் என்று நான் கீழே கோணியை விரித்துப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தேன். என் பெண்சாதி அலட்டிக்கொள்ளவில்லை. தட்டில் மீன்தலையை வைத்து, "இந்தா, துன்னுட்டு எறங்கு" என்றாள். இறங்கிவிட்டான்.

கடைசிப் பரீட்சைதான் பெரிய பரீட்சை. நிஜ மனுஷர் ஒருவரை ஒரு மாதம் கவனிக்கணும், அப்புறம் மேடையில் பத்து நிமிஷம் அவராகவே இருக்கணும். ஏற்கெனவே ஒரு முறை அதில் ஃபெயிலாகியிருந்தான். இன்னொரு முறை போனால் பட்டம் கிடையாது, அப்பாவோடு போட்டில் ஏற வேண்டியதுதான். அதில் ஒரு சங்கடம். போட் முகத்துவாரத்தைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுக்கிற செம்படவப் பிள்ளை நெட்டுக்குப்பத்திலேயே இவன் ஒருத்தன்தான்.

யாரைக் கவனிப்பது என்று ஊரெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைப் பிடித்தான்.

எனக்கு ஒரு கோளாறு உண்டு. சக்கரத்தை மாட்டி, பத்து நட்டையும் முடுக்கி, லாரியை அனுப்பிவிடுவேன். அது பத்தடி போனதும் சந்தேகம் வந்துவிடும். பத்தாவதை முடுக்கினோமா? உடனே ஸ்பானரோடு பின்னால் ஓடுவேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்து போகிறதால் பிடித்துவிட முடிகிறது. டிரைவர்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்ததுமே, "வந்துட்டாருபா நட்டு நைனா" என்று பிரேக்கில் கால் வைப்பார்கள். ஒரு தடவைகூட நட்டு லூசாக இருந்ததில்லை. அதற்காக ஓட்டம் நின்றதும் இல்லை.

அவன் பார்க்க ஆரம்பித்ததும் எனக்குப் புதுக் கவலை பிடித்தது. என்னால் இந்தப் பையன் ஃபெயிலாகிவிடக் கூடாதே. கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஓடுவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். வந்த டிரைவரிடம், "வாருங்கள் ஐயா, காற்று எவ்வளவு நிரப்ப வேண்டும்?" என்றேன்.

"இன்னா நைனா, ஜொரமா?" என்றார் அவர்.

நாலாம் நாள் நோட்டம் அழாத குறையாக இறங்கி வந்தான். "மாமு, ஒன் கால்ல வுயறேன். நடிக்காத. நம்ம ரெண்டு பேர்ல ஒர்த்தன் நடிச்சா போதும்."

பரீட்சைக்கு என்னையும் கூட்டிப்போனான். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் மார்க் போடுகிற மூன்று பேர், பேனாவோடு. என் லுங்கியைக் கட்டிக்கொண்டு, என் கூனலோடு அவன் மேடைக்கு வந்தான். இல்லாத டயரை இல்லாத ராடால் தட்டி, காதைச் சாய்த்து சத்தம் கேட்டான். சிரித்தார்கள். நான் இவ்வளவு கூனா என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. சக்கரம் மாட்டினான். வெறும் கையால் நட்டு முடுக்கினான். என்னையறியாமல் எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவதை அவன் முதுகு மறைத்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ரைட், போ!" என்றான்.

பத்தாவதை முடுக்கினானா? சும்மா இரு, இது பரீட்சை, அங்கே லாரியும் இல்லை நட்டும் இல்லை என்று தொடையைக் கிள்ளிக்கொண்டேன். ஆனால் லாரி போய்க்கொண்டிருந்ததே.

"டேய் நோட்டம்! பத்தாவது நட்டு முடுக்கலடா!"

அரங்கமே திரும்பியது. மூன்று பேனாவும் நின்றது. போச்சு, பையனை என் கையாலேயே போட்டில் ஏற்றிவிட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவன் குரல்தான் கேட்டது, என் குரலாகவே. "அத்தாம்பா நானும் ரோசன பண்ணிகினு கீறேன்."

கண்ணைத் திறந்தால் ஓடிக்கொண்டிருக்கிறான். லுங்கியை ஒரு கையில் பிடித்து, ஸ்பானர் கையைத் தூக்கி, மேடையைச் சுற்றி மூன்று சுற்று. சிரிப்பு அடங்கவில்லை. லாரியைப் பிடித்தான், மண்டி போட்டான், நட்டைத் தொட்டான். எப்போதும் போல இறுக்கமாகத்தான் இருந்தது. எழுந்திருப்பான் என்று பார்த்தால், டயர்மேல் உள்ளங்கையை வைத்தபடி டிரைவரை அண்ணாந்து பார்த்தான். "ஒண்ணுல்லபா. பாத்து போய்ட்டு வா" என்றான்.

சிரிப்பு நின்றுவிட்டது. அப்படிச் சொல்லித்தான் ஒவ்வொருவரையும் அனுப்புகிறேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. கோளாறு கோளாறு என்று நான் வெட்கப்பட்டது, அங்கே பார்க்கையில் கோளாறாகத் தெரியவில்லை.

ரிசல்ட் வந்த அன்று கடை வாசலில் வந்து நின்று, "பாஸு மாமு!" என்று கத்தினான். எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கவலைதான் வந்தது.

"நான் கத்தனதுக்கு மார்க்கு எதுனா கொறச்சாங்களா?"

"இல்ல. பின்னாடிலேர்ந்து கொரல் குடுத்தவர் யாருன்னு மட்டும் கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க அண்ணன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. கோணியை உதறிப் போட்டு, "குந்து தம்பி" என்றேன்.