கோகிலாவின் தண்ணீர் மெஷினும் என் செருப்பும்

காஜா பெராங், மலாக்கா
7.10.1957

மரியாதைக்குரிய அண்ணன் ராஜரத்தினம் அவர்களுக்கு, தம்பி அப்பாசாமி கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் கமலவேணியும் பிள்ளை கோகிலாவும் சௌக்கியம். சிரம்பானில் அண்ணியின் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்க வேண்டும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. கோகிலாவுக்கு இந்த வருஷத்தோடு படிப்பு போதும், தீபாவளி கழிந்ததும் புக்கிட் ரம்பாயிலிருந்து நடராஜன் வீட்டார் பெண் பார்க்க வருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தாங்கள் சொல்லி நான் எதை மறுத்திருக்கிறேன்? அப்படியே ஆகட்டும்.

நிற்க. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல ஒரு சேதி உண்டு. நாடு சுதந்திரம் அடைந்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள், பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஒரு இயந்திரம் செய்ய வேண்டுமாம். இருபது வருஷம் கணக்கெழுதிக் கிராணி வேலை பார்ப்பவனுக்குத் திட்டம் போடத் தெரியாதா, பதினோரு பக்கம் எழுதினேன். ஆரம்பிக்க நல்ல நேரம், முதல் ஆணி யார் அடிப்பது, யாருக்கு மாலை, எல்லாம் இருந்தது. கோகிலா படித்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்குப்பா, மெஷின் எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றாள். பிறகு காலண்டர் தாளின் பின்பக்கம் அவளே ஒரு படம் போட்டாள். சைக்கிளை மிதித்தால் தொட்டித் தண்ணீர் மூங்கில் குழாய் வழியாக மேலே ஏற வேண்டும். அதற்குச் சைக்கிள் வேண்டும், என்னுடையது போனது. சக்கரத்தைச் சுற்ற வார் வேண்டும், உங்கள் தம்பி மனைவியின் தையல் மெஷின் வார் போனது. குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஏறும் கயிற்றில் கோக்க ரப்பர் வில்லைகள் வேண்டும், வேலைக்குப் போகச் செருப்பைத் தேடுகிறேன், அதில் வட்ட வட்டமாக ஓட்டை. மூன்று வாரம் வெறுங்காலோடு நடந்தேன் அண்ணா, முதலாளி ஏதோ வேண்டுதல் என்று நினைத்து அரை நாள் லீவு கொடுத்தார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கண்காட்சி. விடுவேனா? மெஷினுக்குத் தலை முதல் கால் வரை தேங்காயெண்ணெய் தடவிப் பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். வாரையும் விடவில்லை, அதுவும் ஆயுதம்தானே. மறுநாள் பரிசுக்குத் தேர்ந்தெடுக்க வந்த தண்ணீர் இலாகாத் துரை எதிரே வந்து நிற்கிறார், பிள்ளை மிதிக்கிறாள், சக்கரம் சுற்றுகிறது, வார் வழுக்குகிறது, ஒரு சொட்டு ஏறவில்லை. கோகிலா வாரைத் தொட்டுப் பார்த்து, என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. என் தோள் துண்டை உருவி வாரைத் துடைத்தாள். "அப்பா, பையில சாம்பிராணி வெச்சிருப்பீங்களே, குடுங்க."

பிள்ளைக்கு இப்போதாவது பக்தி வந்ததே என்று கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்தால் அவள் அதைப் பொடித்து வாரில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பிசின் பொடி பட்டால் வார் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். மிதித்தாள். குபுகுபுவென்று ஏறிய தண்ணீர் துரையின் பூட்ஸை நனைத்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே யார் போட்ட திட்டம் என்று கேட்டார், நான் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டேன். அவர் இங்கிலீஷில் இரண்டு கேள்வி கேட்டார். தூக்கிய கையை அப்படியே மகள் பக்கம் திருப்பினேன். முதல் பரிசு அண்ணா. அழுதேன், மறைக்கவில்லை, துடைக்கத் துண்டில் எண்ணெய் இல்லாத இடம்தான் கிடைக்கவில்லை.

துக்காங் எமாஸ் தெருக் கோயில் பிள்ளையார் தங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். அண்ணிக்கு எங்கள் நமஸ்காரம்.

தங்கள் சொல் தட்டாத தம்பி,
அப்பாசாமி

பி.கு.: நடராஜன் வீட்டாரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோகிலா அடுத்த வருஷமும் படிக்கிறாள், அதற்கு அடுத்த வருஷமும். தலைமையாசிரியை கொடுத்த சயன்ஸ் வகுப்புப் பாரத்தில் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேனாவில் மை மிச்சம் இருந்தது, அதில்தான் இந்தக் கடிதம் எழுதினேன்.