இரண்டு அறை, ஒரு டிஷ்

ஒரு டிஷ் பெட்டியிலிருந்து ஒரு சேனல்தான் வரும். இன்னோர் அறையில் வேறு சேனல் வேண்டுமென்றால் தனிப் பெட்டி வாங்க வேண்டும். மொட்டைமாடியில் உள்ள டிஷ்ஷைச் சந்தாதாரர் தொடக் கூடாது. இது விதி. இணைப்பு கொடுத்தபோது தந்த காகிதத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. சித்தூரில் அதை முழுக்கப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (வேலைக்காலம் முழுதும் ஊரார் மனுக்களை விதி காட்டித் திருப்பி அனுப்பியவன், படிக்காமல் விடுவேனா?)

என் மனைவி சுலோசனாவின் கோலாட்டக் குழுவுக்குத் திருப்பதியில் ஓர் உற்சவ ஊர்வலத்தில் ஆட அழைப்பு வந்தது. பக்திச் சேனல் ஒன்றில் நேரடி ஒளிபரப்பு. முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே மாதக்கணக்கில் பயிற்சி செய்தவள், கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டாள்.

"யாரு பாத்தாலும் பாக்காட்டியும், நீங்க பாக்கணும்."

பார்க்க வரும் உறவினர்களைக் கூடம் தாங்காது. பெண்களுக்குக் கூடம், ஆண்களுக்குப் படுக்கையறை என்று முடிவெடுத்தேன். பெட்டியின் பின்னாலிருந்து ஒரு நீளக் கேபிளை ஜன்னல் வழியாக இழுத்து, படுக்கையறையின் பழைய டிவியில் செருகினேன். கூடத்துப் படமே அங்கேயும் வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சத்தம் கூட்டிக் குறைக்கக் கூடத்துக்கு நடப்பானேன் என்று, சுவர் தாண்டி ரிமோட் வேலை செய்ய ஒரு சின்னக் கருவியும், கூடவே இரண்டாவது ரிமோட்டும் வாங்கி வைத்தேன்.

அன்று காலை ஊர்வலம் நகர்வதாகவே இல்லை. குப்பம் ஊரிலிருந்து வந்த மைத்துனன் முனிரத்தினத்துக்குக் கை பரபரத்தது.

"மாமா, அக்கா வர்றதுக்குள்ள கிரிக்கெட் ஸ்கோரு பாத்துக்கினு வந்துடலாம்."

வாய்மொழி அனுமதி அளித்தேன். அழுத்தினான். கூடத்தில் பெருமாள் மறைந்து பந்துவீச்சாளர் ஓடிவந்தார். அங்கே உட்கார்ந்திருந்த பலமனேர் ராஜம்மா, என் மனைவியின் அக்கா, தன் ரிமோட்டை அழுத்தினார். எங்கள் அறையில் பந்துவீச்சாளர் போய்ப் பெருமாள் வந்தார். இவன் மறுபடி அழுத்தினான். அவரும்.

"இன்னா இது, பெட்டி பேய் புடிச்சாப்பல ஆடுது," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

மேகமூட்டம், டிஷ் கொஞ்சம் அசைந்திருக்கிறது என்று நோயைக் கண்டுபிடித்து மாடி ஏறினேன். டிஷ்ஷை ஒரு விரல் அளவு திருப்பிவிட்டுக் கீழே பார்த்துக் கேட்டேன்.

"இப்ப?"

"வந்துடிச்சி," என்றார் ராஜம்மா.

"போயிடிச்சி மாமா," என்றான் முனிரத்தினம்.

எதிர்ப்பக்கம் திருப்பினேன். "இப்ப?"

"போயிடிச்சே."

"வந்துடிச்சி மாமா."

ஒருவர் பெருமாளைச் சொல்கிறார், இன்னொருவன் பேட்டிங்கைச் சொல்கிறான் என்பது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு அறிக்கைகள் முரண்பட்டால் நடுவில் ஒரு முடிவெடுப்பதுதானே நிர்வாகம்? இன்னும் கொஞ்சம் பலமாகத் திருப்பி நடுவில் நிறுத்தினேன். முதல் முறையாக இரண்டு அறைகளும் ஒருமனதாகப் பேசின.

"சிக்னல் இல்லன்னு எழுத்து வருது."

அது கடைசிவரை போகவில்லை. சுலோசனா திரையைக் கடந்துபோனது அந்த நேரத்தில்தான்.

சாயங்காலம் வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பாத்தீங்களா?"

"ஆட்டம் பிரமாதம்," என்றேன். (விதியை மீறியவன் பொய்யில் மட்டும் சிக்கனம் பார்ப்பானா?)

"கோலு ஒடிஞ்சி போச்சி. நான் எங்க ஆடினேன்? கேமரா கிட்ட வந்தப்ப உங்களுக்குத்தான் கைய ஆட்டிக்கினு போனேன்."

முனிரத்தினத்துக்குத் திடீரென்று குப்பம் பஸ் ஞாபகம் வந்தது. சுலோசனா பையிலிருந்து ஒடிந்த கோலை எடுத்து டிவி முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே சேனலுக்கு எழுதினேன், பதிவின் நகல் கேட்டு. பிறகு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல். இதற்குள் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. வாயில் வைக்காமலே சாம்பாரைப் புகழ்ந்தால், பேரன்கூட "ஆட்டம் பிரமாதம்" என்கிறான்.

ஒருவழியாகப் பதில் வந்தது. கவரைப் பிரித்துச் சுலோசனாவே வாசித்தாள். தனிநபர்களுக்குப் பதிவு வழங்கும் வழக்கம் இல்லையாம். அடுத்த உற்சவத்தை நேரடி ஒளிபரப்பிலேயே தவறாமல் கண்டு மகிழ வேண்டுமாம்.

அது வந்த நாள் உகாதி. அன்றைய பச்சடியில், என் கிண்ணத்தில் மட்டும் வேப்பம்பூ தூக்கலாக இருந்தது.