சஹனில் விழுந்த கடலை

வைத்தியப் புத்தகம் ஒன்றை முழுதாக வாசித்து முடித்த ஒருவனை வீட்டில் வைத்திருப்பது, புத்தகமே வாசிக்காத வைத்தியரிடம் போவதைவிட ஆபத்தானது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த வாசித்தவன் நான்தான்.

யுத்தம் முடிந்து, மன்னார்ப் பக்கம் ஆட்கள் மறுபடியும் போய்வரத் தொடங்கியிருந்த காலம். நான் புத்தளத்தில் மனைவி வீட்டோடு குடியிருந்தேன். நோன்பு மாதம் முழுக்க வயிற்றைக் கட்டிப்போட்டுப் பெருநாளன்று அவிழ்த்துவிடுவது அந்த வீட்டு வழக்கம். விடிந்தால் வட்டிலப்பம், பகல் புரியாணி, இடையில் போகிற வீடெல்லாம் தொதல். மறுநாள் வீடே பாயில் கிடக்கும். அதற்கு முந்திய பெருநாளைக்கு மாமி எல்லோருக்கும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டுக் கடைசியாகத் தானும் படுத்தார்.

அந்த வருடம் படுக்க வழியில்லை. பெருநாளுக்கு மூன்றாம் நாள், என் மனைவியின் தங்கை நஸ்ரியாவைப் பார்க்கக் கல்பிட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. முன்பு வந்த சம்பந்தங்கள் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளை ஃபாரிஸை நஸ்ரியாவுக்குப் பிடித்திருந்தது. (அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் கல்பிட்டி பஸ் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வந்தாள்.)

"போன முறை மாதிரி எல்லாரும் படுத்தா, வாற மனுசருக்கு ஆரு சோறு வைக்கிற?" என்று மாமி கவலைப்பட்டார்.

"நீங்க பயப்படாதீங்க மாமி. நான் இரிக்கிறன்" என்றேன். மாமி பயப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான்.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் ஒரு அக்குபிரஷர் புத்தகம் வாங்கியிருந்தேன். நோன்போடு மாத்திரை விழுங்க முடியாது. கையை அமுக்கினால் நோன்பு முறியாது. இப்படியொரு வைத்தியத்தை எங்கள் ஊர் இவ்வளவு காலமும் கவனிக்காமல் விட்டதே என்று எனக்கு மெய்யாகவே துக்கமாக இருந்தது. மாமாவின் காதுகளில் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளை மாட்டினேன். சாதுவான மனிதர், கம்மல் போட்ட மாதிரி உட்கார்ந்து செய்தி கேட்டார். மாமியின் உள்ளங்காலை அமுக்கினேன். அவர் ஓதிய சலவாத்தில் வலி கலந்திருந்தது. மனைவியிடம் போனபோது, "அந்த விரலால இந்தத் தேங்காயத் திருவித் தாங்க. எனக்கு எல்லா நோவும் போயிரும்" என்றாள்.

புத்தகத்தின் கடைசி அத்தியாயம்தான் என்னைக் கெடுத்தது. காய்ந்த கொண்டைக்கடலையொன்றைப் பிளாஸ்டரால் விரலில் ஒட்டிக்கொண்டால் நாள் முழுக்கத் தானாகவே அமுக்கிக்கொண்டிருக்குமாம். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, ஜீரணத்துக்கென்று வலது கை விரல்களில் ஒட்டிக்கொண்டேன்.

"சாப்பிடக்குள்ளயாவது கழட்டுங்களேன்" என்றாள் மனைவி.

"சாப்பிடக்குள்ளதான் இது வேணும்."

(படித்தவன் பேச்சு எப்படி இருக்கிறது பார்த்தீர்களா?)

ஃபாரிஸின் வாப்பா ஹாஜியார் மன்னாரில் மீன் வியாபாரம் செய்தவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து எங்கள் ஆட்களை வெளியேற்றியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, கல்பிட்டியில் கருவாட்டில் மறுபடி தலையெடுத்தவர். அதிகம் பேசமாட்டார். புடவைத் திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். இந்தப் பக்கம் பாயில் நாங்கள். நடுவில் சஹன் வந்தது. ஒரே பெரிய தட்டில் மலைபோலப் புரியாணி, சுற்றிவர ஹாஜியார், ஃபாரிஸ், மாமா, நான். சஹனில் அவரவர் தன் பக்கத்தில்தான் சாப்பிட வேண்டும். நல்ல இறைச்சித் துண்டு வந்தால் விருந்தாளியின் பக்கம் தள்ளிவிட வேண்டும். எங்களிடம் சம்பந்தம் பேசுவதில் பாதி அந்தத் தள்ளலில்தான் நடக்கும்.

"எல்லாம் நஸ்ரியா தனியா ஆக்கினது" என்று திரைக்குப் பின்னாலிருந்து மாமி அறிவித்தார்.

பாதிச் சாப்பாட்டில் என் கையைப் பார்த்தேன். சுட்டுவிரல் வெறுமையாக இருந்தது.

புரியாணியில் பிளாஸ்டர் நிறத்தில் எத்தனை சாமான்கள் இருக்கின்றன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பொரித்த வெங்காயம், கறுவா, கஜு எல்லாமே சந்தேகத்துக்குரியவை. முதலில் என் பக்கத்தைத் தோண்டினேன். பிறகு மாமாவின் பக்கம். பிறகு, அல்லாஹ் மன்னிக்க வேண்டும், ஹாஜியாரின் எல்லைக்குள் கையை விட்டேன். சந்தேகமானதையெல்லாம் வாயில் போட்டு விழுங்கினேன்.

"புள்ளைக்கு நல்ல பசி போல" என்று ஹாஜியார் ஒரு பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார். மாமா என்னைப் பார்த்த பார்வையில் அவருடைய மகளின் எதிர்காலம் இருந்தது.

அப்போது 'கடக்' என்று ஒரு சத்தம்.

ஹாஜியார் மெல்லுவதை நிறுத்தினார். வாய்க்குள் விரலை விட்டு முதலில் பாதிக் கட்டுப்பல்லை எடுத்தார். பிறகு ஒரு பிளாஸ்டரை எடுத்தார். அதை நிதானமாக விரித்தார். உள்ளே கடலை, சேதமில்லாமல் இருந்தது.

"ஆக்கின புள்ளைக்குக் கையில காயமோ?"

கேட்டது மெதுவாகத்தான். ஆனால் ஃபாரிஸின் முகம் விழுந்துவிட்டது. மாமா குனிந்துகொண்டார். நான் பேச வாயைத் திறந்தேன். வாய் நிறையச் சோறு.

திரை விலகியது. பெண் பார்க்க வந்தவர்கள் கூப்பிடாமல் பெண் வெளியே வருவதில்லை. நஸ்ரியா வந்தாள். முக்காட்டை ஒரு கையால் சரிசெய்துவிட்டு, இரண்டு கைகளையும் ஹாஜியாரின் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"எண்ட கையில ஒண்டுமில்ல மாமா. எங்கட மச்சான்ட கையப் பாருங்க. அவர் வைத்தியம் செய்யிறார்."

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். மிச்ச விரல்களில் கடலைகள் விறைப்பாக நின்றன.

ஹாஜியார் என்னைப் பார்த்தார், நஸ்ரியாவைப் பார்த்தார். பிறகு மாமாவிடம் திரும்பி, காற்றுப் போகும் வாயால் சொன்னார்: "பொண்ணு வாயே தொறக்காது எண்டல்லவா தரகர் செல்லினார்? பொய். நல்ல காலம். எங்கட ஊட்டுல எல்லாம் ஊமைக் கூட்டம்."

முதலில் சிரித்தது ஃபாரிஸ்தான். அந்த வருடமே கலியாணம் முடிந்தது.

அந்தப் பெருநாளில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சலோ வயிற்றுக்கோளாறோ வரவில்லை என்பது உண்மை. அந்த உண்மையை இதுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை.

அதற்குப் பிறகு என்னுடைய சஹனில் உட்கார ஆள் கிடைக்கவில்லை. மாமி மரியாதையாகத் தனிப் பீங்கான் தட்டு வைத்தார். ஹாஜியார் மட்டும் ஒவ்வொரு பெருநாளும் அந்தப் பீங்கானைத் தள்ளிவிட்டு, சஹன் கொண்டுவரச் சொல்லி என் எதிரில் உட்காருவார். "எனக்கென்ன பயம்? ஒடைய வேண்டியது ஒடஞ்சி போச்சி" என்பார். பேச்சு அவ்வளவுதான். பிறகு நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார்.

ஹாஜியார் மவுத்தாகி மண்ணுக்குப் போன வருடம், பெருநாள் பகலில் நானே பீங்கானை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தேன். என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஃபாரிஸ் சஹனோடு வந்தார். எதிரே சம்மணமிட்டார். நான் சோற்றில் கை வைக்கப் போனேன்.

"நானா, கை."

நீட்டினேன். உள்ளும் புறமும் திருப்பி, விரல் விரலாகப் பார்த்தார். பிறகு பிஸ்மி சொல்லி, வாப்பாவைப் போலவே இருந்ததிலேயே பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார்.